பதினோரு வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ்

இல்ல மாப்ள, நீ போன்ல சொன்னது சுத்தத் தப்பு. "மாமா, சிங்கவரம் பின்தங்கின ஊரு இல்ல, லிஸ்ட்ல முன்னேறின ஊருன்னு இருக்குது, நான் இன்னா பண்றது"ன்னு கேட்டுட்டு டப்புன்னு கட் பண்ணிட்ட. நான் பேச ஆரம்பிச்சா மட்டும் உனக்கு எப்படித்தான் டவர் போயிடுதோ. அதான் லெட்டரு. லெட்டர கட் பண்ண முடியாது பாரு.

"நைனா, மொதல்ல நலம் விசாரி, அப்புறம் சண்ட போடு"ன்றா பூங்குழலி. கண்ணுல புரை விழுந்ததுல இருந்து நான் சொல்லச் சொல்ல என் மகதான் எழுதுறா. சரிம்மா, எழுது:

சென்னையில் நிதி ஒதுக்கும் அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்திருக்கும் அன்பு மருமகன் எழிலனுக்கு, செஞ்சியை அடுத்த சிங்கவரத்திலிருந்து தாய்மாமன் கோதண்டராமன் எழுதுவது. இங்கு நானும், என் மகளும், ஒரு கறவை மாடும் நலம். மழை இல்லை. அங்கு நீயும் உன் ரப்பர் ஸ்டாம்பும் நலமாக இருக்க மலைமேல் படுத்திருக்கும் அரங்கநாதரை வேண்டுகிறேன்.

விஷயத்துக்கு வர்றேன். நாட்டுக்கே மோட்டார் செய்யிற கம்பெனிக்கு செம்புக் கம்பியில காயில் சுத்திக் குடுக்க, பின்தங்கின ஊர்ல ஒரு ஷெட்டு கட்டுறதுக்கு உங்க ஆபீஸ்ல நிதி ஒதுக்குறீங்க. நாப்பது பொம்பளைங்களுக்கு வேலை. நாட்டுத் தொழிலுக்கும் முட்டு குடுத்த மாதிரி, ஊருக்கும் சோறு போட்ட மாதிரி. நல்ல திட்டம். யாரு யோசிச்சாங்களோ, நீயா இருக்காது. பூங்குழலி ஐடிஐல அந்த வேலையத்தான் படிச்சிட்டு, ஆறு வருஷமா கூலிக்கு மல்லாட்டக் கடல பறிக்கப் போறா. ஷெட்டு வந்திருந்தா அவ இங்கயே இருந்திருப்பா.

ஊரப் பாக்க ஒரு சாரும் ஒரு மேடமும் வர்றாங்க, வீடு வீடா இன்னா இருக்குதுன்னு எழுதிக்கிட்டுப் போவாங்கன்னு பஞ்சாயத்துல சொன்னாங்க. நம்ம பக்கத்துல பொண்ணு பாக்க வந்தா இன்னா பண்ணுவோம், நீயே சொல்லு. பக்கத்து வீட்டு நாற்காலி, எதிர் வீட்டு எவர்சில்வர் தட்டு, கோடி வீட்டு ஃபேனு, எல்லாம் நம்ம வீட்டுக்கு வந்துடும். வந்தவங்க காப்பி குடிச்சிட்டுப் போனதும் அதது அந்தந்த வீட்டுக்குத் திரும்பிடும். உங்கம்மாவப் பாக்க வந்தப்ப விரிச்ச ஜமுக்காளமே எங்களுது இல்ல. அத உங்கப்பாகிட்ட இன்னி வரைக்கும் யாரும் சொல்லல. நீயும் சொல்லாத.

அந்தப் பழக்கந்தான். கலியபெருமாள் சம்பந்தி வீட்டுக் காரையும் டிராக்டரையும் கொண்டாந்து தெருவுல நிறுத்துனான். பாண்டுரங்கன் ஓடாத ஏசி ஒண்ணத் தூக்கியாந்து சுவத்துல மாட்டுனான், அதுக்கு ஒயரே கெடையாது. ஊர்ல நல்ல ஃப்ரிட்ஜு ஒண்ணே ஒண்ணு, ஜெயசுதா வீட்டுது. சாரு ஒரு வீட்ல எழுதி முடிச்சி வாசலுக்கு வர்றதுக்குள்ள, நாலு ஆளு பின்பக்கமா அதத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவானுங்க. பதினோரு வீடு மாப்ள. எட்டாவது வீட்ல மேடம் தொறந்து பாத்துட்டு, "இந்த ஊர்ல எல்லார் வீட்லயும் ஃப்ரிட்ஜுல அரை எலுமிச்சம்பழந்தான் வப்பீங்களா?"ன்னு கேட்டுது. கூடவே போன நான், "ஆமாம்மா, எங்க குலதெய்வ வழக்கம்"னேன். அதையும் எழுதிக்கிச்சு.

கடசியா, "ஊர்ல எதனா குறை இருக்குதா?"ன்னு கேட்டாங்க. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட எவனாவது குறை சொல்லுவானா? "ஒண்ணுமில்லீங்க"ன்னு ஊரே தலையாட்டுச்சு. ஒருத்தி மட்டும், "வேலை இல்லீங்க மேடம்"னு சொல்லிட்டா. அது யாருன்னு எழுத மாட்டேன்னு இப்ப பேனாவ நிறுத்திட்டா. எழுதும்மா. பூங்குழலிதான். நாந்தான் குறுக்க பூந்து, "அது வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க, பொண்ண வேலைக்கு அனுப்பித்தான் சாப்புடணும்ன்ற நெலமை எங்க வீட்ல இல்ல"ன்னு சொன்னேன். சிரிச்சிக்கிட்டே சொன்னேன். அவங்களும் சிரிச்சாங்க. ஷெட்டு வேற மாவட்டத்துக்குப் போயிடுச்சு.

இவ்ளோ நேரம் உன்னத் திட்டுனேன்ல? திட்டுறதுக்கு வேற ஆளு கெடைக்கல, அவ்ளோதான்.

இப்ப பூங்குழலி அதே காயில சுத்துறதுக்கு, ஒரகடம் பக்கத்துல கம்பெனிக்கே போறா. ஹாஸ்டலாம். ஒரு ரூமுக்கு எட்டுப் பேராம். தீவாளிக்கு லீவு உண்டான்னு கேட்டதுக்கு, "பாக்கலாம்"னாங்களாம். பைய கட்டி கதவாண்ட வச்சிருக்குறா. மாட்ட யாரு கறப்பான்னு கேட்டேன். "அதுக்கும் ஒரு நிதி ஒதுக்கச் சொல்லி எழுது நைனா"ன்றா. என் வாயி அப்படியே அவளுக்கு.

அடுத்த ஷெட்டுக்காவது மறுபடி வந்து பாக்கச் சொல்லி ஊர்ல மனு குடுத்திருக்குது. நீ ஒரு வார்த்த சொல்லு. இந்த வாட்டி ஒழுகுற கூரையக் காட்டுறோம், நெல்லு இல்லாத காலிக் குதிரக் காட்டுறோம், நெசத்த மட்டுந்தான் காட்டுறோம். அரங்கநாதர் மேல சத்தியம். அவ திரும்பி வந்தா போதும் மாப்ள, இனிமே நான் அவள ஒரு வார்த்த கிண்டல் பண்ண

கம்பெனி வேன்காரன் ஆரன் அடிச்சிட்டான். பேனாவ என் கையில திணிச்சி, "பாக்கிய நீயே எழுது நைனா"ன்னு எழுந்து போயிட்டா. தெருக்கோடியில திரும்பிப் பாத்தாளா இல்லையான்னு இந்தக் கண்ணுக்குத் தெரியல. இதுக்கு மேல என் கையெழுத்து. கோணலா இருந்தா பொறுத்துக்க.

நீ நூறு வருஷம் நல்லா இரு. அதுல ஒரு நாளாவது இந்தப் பக்கம் வந்து போ. உங்கம்மாவக் கேட்டதாச் சொல்லு. உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லு, ஜமுக்காளத்தத் தவிர.

இப்படிக்கு,
முன்னேறின ஊர்க்காரன்,
உன் மாமன் கோதண்டராமன்.

பின்குறிப்பு: கவர ஒட்டுறதுக்குள்ள பாண்டுரங்கன் ஓடியாந்தான். மனு பலிச்சிடுச்சாம். அடுத்த மாசம் அஞ்சாந்தேதி அதே சாரும் மேடமும் மறுபடி வர்றாங்களாம். மேல எழுதின சத்தியத்த அடிச்சிடு. ஒழுகுற வீட்ல, அதுவும் காப்பி போட்டுக் குடுக்க பொண்ணு இல்லாத வீட்ல, வந்தவங்கள எப்படிய்யா வெறுந்தரையில உக்கார வைக்கிறது? ஜெயசுதாகிட்ட ஃப்ரிட்ஜுக்குச் சொல்லிட்டேன். நீ நாலாந்தேதியே உன் காரக் கொண்டாந்து என் வாசல்ல நிறுத்து. கழுவிட்டு வா.