பத்துப் பத்துப் பேராக வாங்க

"மாப்பிள்ளை, என் மெயில் திறக்கல. சுத்திக்கிட்டே இருக்கு."

போனில் பேசியவர் மாமனார். கம்பெனிக்கு முதலாளியும் அவர்தான். மெயில் சர்வரைக் கட்டி மேய்ப்பவன் மருமகன்.

திரையைப் பார்த்தான். இருநூறு பேருக்கு இடமுள்ள சர்வரில் நூற்றுத் தொண்ணூறு பேர் இருந்தார்கள்.

"கூட்டம் மாமா. இடத்தைப் பெருசாக்கிட்டாப் போதும்."

"பன்னண்டு மணிக்குள்ள ஆக்குங்க. இல்லன்னா நாளையிலேர்ந்து குடோன்ல பெட்டி எண்ணப் போயிடுங்க. பொண்ணு கொடுத்திருக்கேனேன்னு மரியாதையா சொல்றேன்."

ஐந்நூறு பேருக்கு இடம் ஒதுக்கி, சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டான். உள்ளே இருந்த அத்தனை பேரும் வெளியே விழுந்து, அடுத்த நொடியே ஒன்றாகப் பாய்ந்தார்கள். கம்ப்யூட்டரில் திறக்காதவர்கள் செல்போனிலும் தட்டினார்கள். சர்வர் மல்லாந்தது.

"எனக்கும் போச்சு தம்பி," என்றார் பக்கத்து சீட் அக்கா.

"காலையில திறந்துச்சா?"

"ஜோரா திறந்துச்சே."

அதைக் காதில் வாங்க அவனுக்கு நேரமில்லை. ஆயிரம் பேருக்கு இடம் ஒதுக்கினான். மெமரி தீர்ந்து, சர்வர் தானாகவே அணைந்து அணைந்து எழுந்தது. மூலையில் கிடந்த பழைய சர்வரைத் தூசி தட்டித் துணைக்கு வைத்தான். பாதிப் பேர் அந்தப் பக்கம் போய், "என் பழைய மெயிலெல்லாம் எங்கய்யா?" என்று போன் போட்டார்கள். கிணறு வெட்டினால் ஒரு பூதம்தான் வரும். இவனுக்குக் குடும்பத்தோடு வந்தது.

பழையதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். வெளியே லிஃப்ட்காரர் கத்தினார்.

"இடிக்காதீங்க. பத்துப் பத்துப் பேரா வாங்க."

மருமகன் துள்ளி எழுந்தான். சர்வரிலும் பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டான். நோகாமல் நுழைந்தார்கள். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு எல்லாரும் உள்ளே. சர்வர் சமர்த்தாக ஓடியது.

மாடி ஏறி முதலாளி அறைக்கு ஓடினான்.

"மாமா, இனிமே ஆயிரம் பேர் வந்தாலும் தாங்கும்."

"ஆயிரத்தை விடுங்க. எனக்கு இன்னும் சுத்துதே."

எட்டிப் பார்த்தான். சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மணி பன்னிரண்டு. மாமனார் டிராயரைத் திறந்து குடோன் சாவியைத் தேடினார்.

மேஜைக்கடியில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மா தலையை நீட்டினார்.

"ஐயா, கால்ல தட்டுதுன்னு காலையில ஒரு நீல ஒயரைப் பிடுங்கச் சொன்னீங்களே, அதை இப்ப மாட்டிடவா?"