அப்பாவின் பெயரில் ஓர் ஆமை

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்து கடலாமை ஆராய்ச்சி செய்பவர்களுக்குத் தங்களைப் பற்றிக் கொஞ்சம் உயர்ந்த அபிப்பிராயம் இருக்கும். எனக்கு நிறையவே இருந்தது.

ஹைதராபாதில் ஐ.டி. வேலைக்குப் போகாத ஒரே தமிழ்ப்பெண் நான்தான் என்று அம்மா எங்கள் பேட்டையான குஷாய்குடா முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்த காலம் அது. முட்டையிடக் கரைக்கு வரும் ஆமைகளின் கழுத்தில் எங்கள் குழு கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு, அவற்றைக் கடலுக்கே அனுப்பிவிடும். ஐஸ் பெட்டியில் ரயிலேறி வரும் அந்த ரத்தத்தை வைத்து ஆமைகள் சௌக்கியமா என்று பார்ப்பது என் வேலை. அணுக்களை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். (கண் என்னத்துக்கு ஆகும்?)

எங்கள் தெருமுனை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எல்லாவற்றையும் நிமிடத்தில் எண்ணிவிடும் புது மெஷின் வந்திருந்தது. ஒரு குழாய் ரத்தத்தை அங்கே நீட்டினேன். பெயர் கேட்டார்கள். ஆமை என்றால் விரட்டிவிடுவார்கள். சட்டென்று வாயில் வந்தது அப்பாவின் பெயர். கேட்டார்களே என்று அவர் வயதையும் வீட்டு போன் நம்பரையும் கொடுத்துத் தொலைத்தேன்.

மனிதனின் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, ஆமையினுடையதில் உண்டு. உட்கரு உள்ளதையெல்லாம் அந்த மெஷின் வெள்ளையணு என்றே எண்ணித் தள்ளும். முதல் வருடப் பாடம் இது. நான் வகுப்பிலேயே முதலாவதாக வந்த பாடமும் இதுதான்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தால், சர்க்கரை நோயாளியான அப்பா தட்டு நிறைய மைசூர்பாகு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அழுதுகொண்டே இன்னும் இரண்டு துண்டு வைத்தாள். வெள்ளையணு எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறது, ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று பரிசோதனை நிலையத்திலிருந்து போன் வந்திருக்கிறது. போன வாரம்தான் அப்பாவின் ஃபாக்டரியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்திருந்தார்களாம். அந்த ரத்தத்தின் ரிப்போர்ட்தான் இது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

ஒருவழியாகச் சொன்னேன்.

"அப்பா, அது உங்க ரத்தம் இல்ல. ஆமையோடது."

அப்பா மென்று விழுங்கிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"ஆமைக்கு என்ன வியாதி?"

"ஒண்ணும் இல்லப்பா. மெஷின்தான் தப்பா எண்ணிடுச்சு."

"இதை ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? கும்பகோணத்துக்கு போன் போட்டு அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேனே."

அவன் என்றால் என் சித்தப்பா. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் தன்னைக் கவனிக்கவில்லை என்று அப்பா வருடக்கணக்கில் பேசாமலிருந்த சொந்தத் தம்பி.

கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்க முடியவில்லை. சித்தப்பா குடும்பத்தோடு ரயிலேறிவிட்டார். ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து இறங்கியவர், விஷயம் தெரிந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு இருவரும் ஏன் அழுதார்கள் என்று தெரியவில்லை. நானும் சேர்ந்து அழுதேன்.

இப்போது அப்பாவுக்கு வயதாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் சித்தப்பா போன் செய்து, "ஆமை எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார்.

"இன்னும் கரை ஒதுங்கலடா" என்பார் அப்பா.