மாப்பிள்ளை மட்டும் ஒன்றுதான்

மாற்று ஏற்பாடு இல்லாமல் மூச்சுகூட விடாத மனிதர் இந்தச் சிங்கப்பூர்த் தீவில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஏ-பி அண்ணன்தான். மூக்குக்குத் துவாரம் இரண்டு இருப்பதை நல்ல வடிவமைப்பு என்று பாராட்டியவர்.

ஜூரோங்கில் ஒரு டேட்டா சென்டரில் நாங்கள் வேலை பார்த்தோம். அங்கே தொலைத்தொடர்பு கேபிள்கள் விதிப்படி இரண்டு வழிகளில் உள்ளே வரவேண்டும்: ஏ வழி, பி வழி. நடுவே இருபது மீட்டராவது இடைவெளி இருக்கவேண்டும். ஒரு பக்கம் யாராவது பள்ளம் தோண்டி கேபிளை அறுத்தாலும் மறுபக்கம் பிழைத்துக்கொள்ளும். அதைச் சரிபார்ப்பது அண்ணனின் வேலை. நாங்கள் அந்த விதியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அவர் கூடவே கொண்டுபோவார்.

கைக்கடிகாரம் இரண்டு. குடை இரண்டு. உணவங்காடியில் இரண்டு கடைகளில் கோப்பி சொல்வார். "ஒருத்தன் மறந்துட்டா?" இருவருமே மறந்ததில்லை. தினமும் ஒரு கோப்பி எனக்கு.

கணக்குப் பிரிவு மலரிடம் தன் விருப்பத்தைக் குறுஞ்செய்தியிலும் சொன்னார், மின்னஞ்சலிலும் சொன்னார். இரண்டுக்கும் தனித்தனியாகச் 'சரி' வந்தது.

சிராங்கூன் சாலையில், ஓர் உணவகத்தின் மாடியில் பதிவுத் திருமணம். மாலைகள் இரண்டு கடைகளிலிருந்து. மோதிரம் இரண்டு ஜோடி. புகைப்படக்காரர் இருவர். சாட்சிகள் இருவர் போக, நான் உபரிச் சாட்சி.

மணமக்கள் வீடுகள் குவீன்ஸ்டவுனில் ஒரே அடுக்குமாடி புளோக்கில். மலரின் அண்ணன் வேன் பிடித்திருந்தார்.

"வா மாப்ள, எல்லாரும் ஒண்ணா போயிடலாம்லா."

"பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வேன்லயா? நடுவழில நின்னா? அவ உங்களோட வரட்டும். நான் வேற ரோட்டுல டாக்சில வர்றேன்."

அன்று நல்ல மழை. மரம் விழுந்தது, அந்த வேறு ரோட்டில்.

மாடியில் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. மாப்பிள்ளைதான் இல்லை. திருமணப் பதிவாளர் மணி பார்த்தார்.

"கால் மணி நேரம் பார்ப்பேன்மா. அடுத்த கல்யாணம் தெம்பனிஸ்ல. இன்னிக்கு விட்டா வேற தேதிதான்."

மலர் போன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினார்.

"நீ போயிட்டியா மலர்?" ஏ-பி அண்ணன் குரலில் நிம்மதி. "அப்ப பிரச்சினை இல்ல. ஒரு வழி உள்ள வந்துருச்சு."

"ஒரு வழி வந்து என்ன பண்றது? கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வேணும்லா!"



"அத நான் யோசிக்கவே இல்ல."

"இறங்கி ஓடி வாங்க!"

பதிவாளர் பையை மூடிக்கொண்டு எழுந்தபோது, படியில் செருப்பு வழுக்கும் சத்தம். வேட்டி காலோடு ஒட்டியிருக்க, தலையிலிருந்து நீர் வடிய ஏ-பி அண்ணன் வந்து நின்றார்.

"குடை எங்க?" என்றார் மலர்.

"ரெண்டும் பையில இருக்கு."

பதிவாளர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே மறுபடி உட்கார்ந்து பையைத் திறந்தார். இரண்டு புகைப்படக்காரர்களிடமும் இருப்பது ஒரே படம்: மலர் தன் புடவைத் தலைப்பால் மாப்பிள்ளையின் தலையைத் துவட்டுவது.

போன வாரம் தேக்கா சந்தைக்கு வெளியே நல்ல மழை. எனக்கு முன்னால் ஏ-பி அண்ணனும் மலரும் ஒரே குடைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு தோள் நனைந்துகொண்டிருந்தது. அவருடைய தோள்பையிலிருந்து இரண்டாவது குடையின் கைப்பிடி எட்டிப் பார்த்தது.

கூப்பிட நினைத்தேன். கூப்பிடவில்லை. இருபது மீட்டர் தள்ளியே நடந்தேன்.