எறியாத நூற்றுப் பதினாறு பந்துகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வில்லோ பெண்டில் யாரும் சாகக்கூட மாட்டார்கள். செத்தாலும் ஆட்டம் முடிந்த பிறகுதான் அடக்கத்தைப் பற்றிப் பேச முடியும். சவப்பெட்டிக் கடைக்காரர் பள்ளிக்குழுத் தலைவர். அவர் மைதானத்தில் இருப்பார்.

நெப்ராஸ்காவில் கால்பந்து என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. கால் எதற்கென்றால், ஓடுவதற்கு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அந்த வருஷம் எங்களை எதிர்த்து ஆட வரவிருந்தது கார்னெட் ஃபால்ஸ். அந்த அணியில் பந்தை முதலில் வாங்குகிறவன், அதாவது குவாட்டர்பேக், கேலப் ஸ்டோல் என்கிற புதுப் பையன். பந்தை வாங்கி, ஓடுகிறவனிடம் கொடுக்கலாம். தூரத்தில் நிற்பவனுக்கு எறியலாம். கேலப் கொடுப்பான். கொடுத்துக்கொண்டே இருப்பான். ஆறு ஆட்டத்தில் முன்னூறு தடவை கொடுத்தான், நாலே நாலு தடவை எறிந்தான். இரண்டு தரையில் விழுந்தது, ஒன்று எதிராளி கைக்குப் போனது, ஒன்று பாண்டு வாத்தியக்காரரின் டிராம்போன் குழலுக்குள் போனது. டிராம்போனைப் பழுது பார்க்க ஊரில் ஆளில்லை.

இப்படிப்பட்ட அணியை எப்படித் தடுப்பது? எட்டுப் பேரை முன்னால் நிறுத்தி ஓட்டத்தை அடைக்க வேண்டும். வேறு வழியில்லாமல் அவன் எறிவான். எறிந்தால் பந்து நமக்குத்தான். தானியக் கிடங்குக்கு எதிரே காபி ஊற்றுகிற ஆர்லீனுக்கும் இது தெரியும். காபி குடிக்கிற எல்லாருக்கும் தெரியும். எங்கள் தலைமைக் கோச் லைல் ஹோஸ்டெட்லருக்கு ரொம்ப நன்றாகத் தெரியும்.

லைல் பத்தொன்பது வருஷமாக எங்கள் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவர், நல்ல மனுஷன். அந்த வருஷம் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றிருந்தார். இதிலும் தோற்றால் கோச் வேலை போய்விடும். கோச் வேலை போனால் கூடவே வாத்தியார் வேலையும் போகும், எங்கள் ஊர் ஒப்பந்தம் அப்படி. அவர் வீட்டுப் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்று இரண்டு பலகை நட்டிருந்தது. அவர் நடவில்லை. நல்லெண்ணம் கொண்ட ரசிகர்கள் நட்டது.

நான் அவருக்குத் துணைக் கோச். பெயர் வெர்னன் டைக்கா. மற்ற நேரத்தில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன்.

முந்தைய வருஷம் ஆட்டத்தின் நடுவே ஒரு பையனைச் சேற்றுப் பக்கமாக மாற்றி நிறுத்தியதாக ஒரு தாயார் புகார் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து எந்தத் திட்டமானாலும் படிவத்தில் எழுதி மாவட்டக் கல்வி அலுவலகத்தின் முன் அனுமதி பெற வேண்டும் என்று உத்தரவு. லைல் எழுதிக் கொடுத்தார்: 'எட்டுப் பேர் முன்னால்.' படிவத்தில் பதினொரு பக்கம் காலியாகக் கிடந்தது. கண்காணிப்பாளர் டாக்டர் மார்லீன் ப்ரூகேமனுக்கு அது பிடிக்கவில்லை. காலிப் பக்கம் சிந்தனைக் குறைவின் அடையாளம் என்று குறிப்பு எழுதி, ஒமாஹாவிலிருந்து ஒரு விளையாட்டு அறிவியல் ஆலோசகரை வரவழைத்தார். இப்போது எல்லா மாவட்டமும் ஒருவரை வைத்துக்கொள்கிறதாம்; நாம் மட்டும் இல்லாமல் இருந்தால் அசிங்கமில்லையா?

வந்தவர் கெண்டல் பிஞ்ச். வயது இருபத்தாறு, கையில்லாத கோட்டு, கையில் ஒரு கணினிப் பலகை. ஆட்டக்காரர்கள் போடுகிற தலைக்கவசத்தை ஆயுசில் மாட்டாத தலை. முடி ஒன்றுகூடக் கலையவில்லை.

"சராசரியா ஒரு அணி ஆட்டத்துக்கு இருபது தடவை எறியும்," என்றார் பிஞ்ச், பள்ளிக்குழுக் கூட்டத்தில். "ஆறு ஆட்டத்துக்கு நூத்தி இருபது. இவங்க எறிஞ்சது நாலு. மிச்சம் நூத்திப் பதினாறு எங்க?"

"எங்கயும் இல்ல தம்பி. அந்தப் பையனுக்கு எறியத் தெரியாது," என்றார் லைல்.

"எப்படிச் சொல்றீங்க?"

"எறிஞ்சதைப் பார்த்தேன்."

"நாலை வச்சு முடிவு பண்ணக்கூடாது சார். எறியாம விட்ட முன்னூறைப் பார்த்தீங்களா?"

"எறியாததை எப்படிய்யா பாக்கறது?"

"அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க," என்றார் பிஞ்ச்.

கூட்டம் அசந்துபோனது. நூற்றுப் பதினாறு எறிகளையும் கார்னெட் ஃபால்ஸ் ரகசியமாகச் சேர்த்து வைத்திருக்கிறது, நமக்காகவே வைத்திருக்கிறது என்று அவர் விளக்கினார். ஆகவே ஒன்பது பேர் பின்னால் போய் எறியைக் காக்க வேண்டும், முன்னால் இரண்டு பேர் போதும். வாக்கெடுப்பு நடந்தது, வந்திருந்த யாரும் கை தூக்கலாம். சவப்பெட்டிக்காரர் கையைத் தூக்கினார், குழுவில் இருக்கும் பல் டாக்டர் தூக்கினார், நானும் தூக்கினேன். ஏன் தூக்கினாய் என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

வெள்ளிக்கிழமை வந்தது. ஊரே வந்தது. கேலப் முதல் பந்தை வாங்கினான், கொடுத்தான். வாங்கினவன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து எங்கள் கடைசிக் கோட்டைத் தாண்டும் வரை ஓடினான்; தாண்டினால் ஏழு புள்ளி. எங்கள் ஒன்பது பேரும் வானத்தைப் பார்த்தபடி தேமே என்று நின்றார்கள், ஒழுங்கான பிள்ளைகள். வராத எறிக்காகக் காத்திருந்த எதிரணிப் பையன்களோடு பேச்சுக் கொடுத்து, ஒருவன் நாய்க்குட்டி ஒன்றுக்குக்கூட ஏற்பாடு செய்துகொண்டான்.

இடைவேளையில் முப்பத்தைந்துக்குச் சைபர்.

"ஆபத்து கூடிக்கிட்டே போகுது," என்றார் பிஞ்ச். "இன்னும் எறியவே இல்ல. இருப்பு நூத்தி இருபத்தாறு ஆயிடுச்சு."

லைல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டர் ப்ரூகேமனிடம் ஓடினார். அவர் எங்கள் ஊர் வழக்கப்படி மிளகாய்க் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், ஆறு பசங்களைப் பத்தடி முன்னால நகர்த்தணும். அவ்வளவுதான். என் பொழைப்பே இதுலதான் இருக்கு."

"பத்தடின்னா இடமாற்றம், கோச். இடமாற்றத்துக்கு மூணு வேலைநாள் முன்னறிவிப்பு வேணும். நாளைக்குச் சனிக்கிழமை, அது கணக்குல வராது."

பாவம், அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் லைல் ஒரே ஒரு தடவை உத்தரவை மீறினார். எட்டுப் பேரை முன்னால் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். ஓடப் போனவனுக்கு வழியில்லை. கேலப் திகைத்தான், சுற்றிச் சுற்றிப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு எறிந்தான். பந்து நேராக எங்கள் பையன் மடியில் விழுந்தது. அவன் ஓடிப்போய் ஏழு புள்ளி வாங்கித் தந்தான். நான் துள்ளிக் குதித்தேன்.

பிஞ்சும் குதித்தார். "எறிஞ்சுட்டான், பாத்தீங்களா? நான் சொன்னேனா இல்லையா? அந்த நேரம் பாத்துப் பின்னால ஆளே இல்லாம விட்டுட்டாரே!"

டாக்டர் ப்ரூகேமன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அந்த எட்டில் ஆறு பேர் பின்னுக்கு அனுப்பப்பட்டார்கள். பாதுகாப்புக்காகக் கூடவே இன்னொருவனும். முன்னால் ஒற்றை ஆள் நின்றான். அறுபத்து மூன்றுக்கு ஏழு. பிற்பாடு வந்த அறிக்கையில், எதிரணியின் ஒரு எறிகூட வெற்றிபெறவில்லை என்றும், இது மாவட்ட வரலாற்றில் முதல் முறை என்றும், ஆலோசகரின் பணி மூன்றாண்டு நீட்டிக்கப்படுகிறது என்றும் கண்டிருந்தது.

திங்கட்கிழமை பொதுக்கூட்டம். பெயர் எழுதிக் கொடுத்தால் யாரும் மூன்று நிமிடம் பேசலாம். இருநூற்றுப் பத்துப் பேர் வந்திருந்தார்கள், ஒருவர்கூடப் பெயர் எழுதவில்லை. டாக்டர் ப்ரூகேமன் எழுந்தார்.

"இந்தத் திட்டம் தோத்துடும்னு முன்கூட்டியே தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? தெரிஞ்சும் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுக்காதவங்க மேல விதி பதினாலின்படி பொறுப்பு சுமத்தப்படும். கையைத் தூக்குங்க."

ஆர்லீன் தன் செருப்பைப் பார்த்தாள். காபி குடிக்கிறவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் என் கை மடியை விட்டு நகரவில்லை.

லைல் எழுந்து நின்றார். "எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாரையும் இப்பத்தான் கேட்டோம், கோச். யாருக்கும் தெரியல," என்றார் டாக்டர் ப்ரூகேமன். "உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. அப்ப, தெரிஞ்சே தோத்திருக்கீங்க."

அறை முழுக்க ஒரு முணுமுணுப்பு. தெரியாமல் தோற்றிருந்தால் மன்னிக்கலாம், தெரிந்தே செய்யலாமா என்று பல் டாக்டர் வருந்தினார். லைலை நீக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதற்கு மட்டும் எல்லாக் கையும் உயர்ந்தது. என்னுடையதும்தான்.

அடுத்த தீர்மானம் புதிய தலைமைக் கோச்சைப் பற்றியது. முன்கூட்டி எதுவும் தெரியாதவராக இருக்க வேண்டும், எந்தக் கருத்தையும் பதிவு செய்யாதவராக இருக்க வேண்டும், தீர்மானங்களுக்குத் தவறாமல் கை தூக்குகிறவராக இருக்க வேண்டும் என்று தகுதிகளை வாசித்தார்கள். அந்த மண்டபத்தில் இருநூற்றுப் பத்துப் பேரும் அதற்கு முழுத் தகுதி உடையவர்கள். கழுத்தில் விசில் தொங்கியது எனக்கு மட்டும்தான்.