ஒரே டேக்கில் ஓகே ஆன அலட்சியம்

அலட்சியத்தை இவ்வளவு அக்கறையாகப் படம் பிடித்த நிறுவனம் உலகத்திலேயே எங்கள் தொலைக்காட்சி ஒன்றுதான். அந்தச் சாதனையில் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளனாகிய என்னுடைய முதுகுக்கும் பங்கு உண்டு என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பழைய படம் ஒன்றைத் தொலைக்காட்சிக்காக மறுபடி எடுப்பதென்று நிர்வாகக் குழு கூடி முடிவு செய்தது. வேலை தேடி வந்த ஒரு வெகுளிப் பையன் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்குகிறான். ஒருத்தரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவ்வளவுதான் கதை. 'காலத்துக்கேற்ற மாற்றம்' வேண்டுமென்று பையனைப் பெண்ணாக்கினார்கள். அலட்சியத்தில் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

கதாநாயகி புதுமுகம். இதுதான் முதல் வாய்ப்பு. உச்சக்கட்டக் காட்சியன்று காய்ச்சலோடு வந்திருந்தாள். தலை சுற்றுகிறது, கொஞ்ச நேரம் உட்காரட்டுமா என்று தயாரிப்பு நிர்வாகியிடம் கேட்டாள். அவர் பெரிய மனது பண்ணி ஆலோசனை சொன்னார்.

"அந்தச் சோர்வ அப்படியே வச்சுக்கம்மா, ஷாட்டுக்கு நல்லா இருக்கும். முடியலன்னா சொல்லிடு. வெளிய நாலு பொண்ணுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு காட்சிக்குப் போய் நின்றாள்.

காட்சி எளிமையானது. அலுவலகத்தின் நடுவில் நின்று அவள் கெஞ்ச வேண்டும். சுற்றியுள்ள குமாஸ்தாக்கள் கண்டுகொள்ளக் கூடாது. குமாஸ்தாக்களாகத் துணை நடிகர்களை உட்கார வைத்தார்கள். அங்கேதான் வந்தது வினை. அவள் குரல் உடைந்ததும் ஒருவர் நிமிர்ந்துவிட்டார். அடுத்த டேக்கில் ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சினார். அதற்கடுத்த டேக்கில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் எழுந்து, தன் நாற்காலியையே அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

"யோவ், உனக்குக் குடுத்த வேலை என்னய்யா?" என்றார் இயக்குநர்.

"சும்மா இருக்கிறது சார்."

"அத ஏன் செய்யல?"

"அந்தப் பொண்ணுக்கு நெசமாவே முடியல சார். பாத்துக்கிட்டு எப்படி உக்காந்திருக்கிறது?"

இப்படிப்பட்ட ஒழுங்கீனத்தை வைத்துக்கொண்டு எங்கே கலையை வளர்ப்பது? அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டு, மாடியிலிருந்த எங்கள் பிரிவை வரவழைத்தார் இயக்குநர். ஒத்திகை வேண்டுமா என்றும் கேட்டார். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகவே இருந்தது. வேண்டாம் என்றேன்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேமரா ஓடியது. அவள் கெஞ்சினாள், நாங்கள் கோப்புகளைப் புரட்டினோம். பக்கத்து மேஜைக்காரர் பல் குத்தினார். யாரும் சொல்லித் தரவில்லை, அவருடைய சொந்தக் கற்பனை. அவள் என் மேஜை விளிம்பைப் பிடித்தாள். பிடி நழுவி, தடாலென்று கீழே விழுந்தாள். விழுவதாகக் காட்சியில் இல்லை. ஆனால் அதை விசாரிப்பது என் பிரிவின் வேலையும் இல்லை. இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று காலை மட்டும் சற்று உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"கட்! ஓகே!" என்று கத்திய இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். அவளைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. பாவம், சிரமம் பார்க்காமல் தாண்டி வந்தார். கடைசியில் வெளியே நின்றிருந்த துணை நடிகர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிழைத்துக்கொண்டாள் என்று கேள்வி. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

படம் பெரிய வெற்றி. இந்த ஆண்டின் சிறந்த நடிப்புக்கான பரிசுக்கு எங்கள் பிரிவைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்ள எனக்குத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு எங்களில் யாருமே நடிக்கவில்லை.