மூன்று ஃபேன் வைத்த கார்டு

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கூட அதற்காக எங்கள் மீட்டர் அண்ணன் அளவுக்குக் கோபப்பட்டிருக்க மாட்டார். அருள்புரத்தில் நான் டிசைனராக இருந்த பனியன் கம்பெனியின் எலக்ட்ரீசியன் அவர். ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் மீட்டர் எப்போதும் இடுப்பில் தொங்கும். ஆயுத பூஜைக்குக் கட்டிய சீரியல் பல்பை அளந்து பாதியைக் கழற்றியவர். என் கல்யாணத்தில் நான் தாலி கட்டும்போது மேடைக்குப் பின்னால் மண்டபத்து ஒயரைக் கவ்விக்கொண்டிருந்தார். போட்டோவில் இன்றும் இருக்கிறார்!

அவருக்கும் முதலாளிக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. அயர்னிங் செக்ஷனில் எட்டுப் பேர் நீராவியில் வெந்துகொண்டிருந்தார்கள். அங்கே ரெண்டு ஃபேன் மாட்ட வேண்டும் என்பார் இவர். "கரண்ட் போனா எல்லாம் ஜெனரேட்டர்லதான், அதுல இனி ஒரு பல்புக்குக்கூட எடமில்லீங்க" என்பார் முதலாளி. ரெண்டு வருஷமாக இதே பாட்டு.

இந்த லட்சணத்தில், துணியை வெட்டும் முன்பே கம்ப்யூட்டர் திரையில் பனியன் நிஜம்போல் சுற்றிக் காட்ட வேண்டும் என்று எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். என் பழைய கிராபிக்ஸ் கார்டில் ஒரு பனியன் சுற்றுவதற்குள் ரெண்டு டீ ஆறிவிடும். கடையிலேயே பெரிய கார்டாகப் பார்த்துக் கேட்டேன். முதலாளியும் தலையாட்டிவிட்டார். அப்போது பார்த்து உள்ளே வந்தார் மீட்டர் அண்ணன்.

"எத்தனை வாட்டுங்க தம்பி?"

"முந்நூத்தம்பது இழுக்கும்ணா."

"எரநூறுல ஒண்ணும் இல்லீங்களா?"

"இருக்கு. அது ஸ்லோ."

"எத்தனை ஸ்லோ? அளந்தீங்களா?"

நான் எங்கே அளந்தேன்? விளம்பரம் பார்த்ததோடு சரி. மறுநாளே கடைக்காரரிடம் பேசி, பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாக ரெண்டு கார்டையும் வாங்கி வந்து முதலாளி முன்னாலேயே மாட்ட வைத்தார். ஒரே பனியனைச் சுற்றவிட்டோம். பெரியதற்கு ஆறு நிமிஷம், சின்னதற்கு எட்டு. டைலர் சாக்பீஸால் என் மேஜை மேலேயே கணக்குப் போட்டார். ஒரு யூனிட் கரண்டுக்கு அதிகப் பனியன் சுற்றியது சின்னதுதானாம். நீங்களே சொல்லுங்கள், எந்த ஊரிலாவது இந்த அநியாயம் உண்டா?

"பையர் உங்க மீட்டரைப் பாத்துத்தான் ஆர்டர் தருவானாண்ணா?" என்று கத்தினேன்.

 அவர் பெரிய கார்டைத் திருப்பி முதலாளி முன் வைத்தார்.

"பாருங்க மொதலாளி. இது சூடாகக்கூடாதுன்னு இதுக்கே மூணு ஃபேனு வெச்சிருக்காங்க. அங்க எட்டு மனுசங்க வேகறாங்க, அவங்களுக்கு ஒண்ணுகூட இல்லீங்க. பல்புக்கே எடமில்லாத ஜெனரேட்டர்ல இதுக்கு மட்டும் எங்கிருந்துங்க எடம் வந்துது? சின்னதை வாங்குனா நூத்தம்பது வாட்டு மிச்சமுங்க. ரெண்டு ஃபேனுங்க!"

அவ்வளவு கோபத்திலும் 'ங்க' மட்டும் விட்டுப்போகவில்லை. முதலாளி அந்தக் கார்டின் ஒரு ஃபேனை விரலால் சுற்றிப் பார்த்தார். சின்னது வந்தது. அதே வாரம் ஃபேனும் வந்தது.

நான் பத்து நாள் அவரோடு பேசவில்லை. பதினோராம் நாள், அந்தப் பாழாய்ப்போன எட்டு நிமிஷத்தைக் கழிக்க வழியில்லாமல் அயர்னிங் பக்கம் போனேன். ஃபேன் ஒயரைக் கவ்விக்கொண்டு நின்றவர், சற்று நகர்ந்து எனக்கும் காற்றில் இடம்விட்டார். அதன்பிறகு ஒவ்வொரு பனியனுக்கும் எட்டு நிமிஷம் அங்கேதான் நின்றேன்.

இப்போது வேறு கம்பெனி. என் கார்டு மகா வேகம், காத்திருக்கிற வேலையே இல்லை. அவர் பக்கத்தில் போய் நிற்கத்தான் அந்த எட்டு நிமிஷம் கிடைக்கவில்லை.