பத்துக் குரங்கினமும் ஒரு பதிவேடும்

சங்கரன்கோவிலில் குரங்கின மருத்துவப் பயிற்சி மையம் ஒன்று சீரும் சிறப்புமாக இயங்கி வருகிறது. விசைத்தறிக் குடோன் மாடியில் அதற்குப் பெயர்ப்பலகை உண்டு, பொறுப்பு அலுவலர் உண்டு, அவருக்குச் சுழல் நாற்காலியும் உண்டு. குரங்கு மட்டும் இன்னும் நியமிக்கப்படவில்லை.

இது தெரியாமல் சேர்ந்துவிட்ட கால்நடை மருத்துவ மாணவி கோமதித்தாய் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாள். பத்துக் குரங்கினங்களைப் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வருஷப் படிப்பு வீண். அன்று வியாழன். பதிவேடு வெறுமையாகக் கிடந்தது.

"சார், மொட்டைமாடியில ஒரு குரங்கு உக்காந்திருக்கு. அதையாவது பாக்கட்டுமா?"

பொறுப்பு அலுவலர் இசக்கித்துரை பதறிப்போனார். "ஏம்மா, அது வனத்துறைக்குப் பாத்தியப்பட்டது. அனுமதி இல்லாம தொட்டா என் வேலை போயிரும். அனுமதி கேட்டு எழுதியிருக்கேன்."

"எப்ப சார்?"

"இதுக்கு முந்தி மாடிக்கு வந்த குரங்குக்கு எழுதினது. அது செத்து ரெண்டு வருஷமாச்சு. பதில் வரட்டும்."

கோமதித்தாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாடப்புத்தகத்தை மேஜையில் தொப்பென்று போட்டாள். இசக்கித்துரை அதைப் புரட்டினார். குரங்கினத்தில் மனிதனும் அடக்கம் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது.

"அச்சுல இருக்குல்லா! அப்ப விதிப்படி நானே ஒண்ணு." முகம் மலர எடை மெஷினில் ஏறி நின்றார்.

அவள் எடையை எழுதினாள், நாடி பிடித்தாள். "பதிவேட்டுல கூண்டில் வாழ்வதா, வெளியில் திரிவதான்னு கேட்டிருக்கு சார்."

"பதினெட்டு வருஷமா ஆபீஸ்ல இருக்கேன். கூண்டுன்னு போடு."

மீதி ஒன்பதுக்கு அவரே வாசலில் அறிவிப்பு ஒட்டினார்: 'குரங்கினங்களுக்கு இலவசப் பரிசோதனை. முதலில் வரும் ஒன்பது பேருக்கு மட்டும். தாம் குரங்கினமே என உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.'

மானமுள்ள மனுஷன் எவன் வருவான் என்று கோமதித்தாய் இரவெல்லாம் கலங்கினாள். காலையில் வந்தால் வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நின்றது.

ஒன்பது பேரும் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். பத்து மணிக்குப் பதிவேடு நிரம்பியது. அவள் நிம்மதியாக மூச்சுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

உடனே கதவு தடதடவென்று இடிபட்டது. பத்தாவதாக நின்ற தறிக்காரர் காசி, பின்னால் இருநூறு பேரோடு படியேறி வந்திருந்தார்.

"அண்ணாச்சி, அது என்ன படிவம்னு தெரியுமா?" என்றாள். எடுத்து நீட்டினாள்.

காசி எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"அவங்க ஒன்பது பேரையும் குரங்குன்னு ஒத்துக்கிட்டு, எங்கள மட்டும் மனுசன்னு ஒதுக்குதியளே, இது அடுக்குமா?"